என்வலப் இல்லாத வெளியீட்டு விழா

2004 ஜூலை 10, சனிக்கிழமை. மாலை நான்கு மணி பத்து நிமிடம். ஹட்டனில் தூறல் — குடையை விரித்தால் வெட்கம், விரிக்காவிட்டால் தடிமன் பிடிக்கும் என்கிற அளவில்.

பஸ் நிலையத்துக்கு எதிரே, பத்தொன்பது படி ஏறிப் போகவேண்டிய ஒரு நெட் கபேயில் புத்தக வெளியீட்டு விழா ஒன்று ஆரம்பமானது. மண்டபம் இல்லை. மேடை இல்லை. குத்துவிளக்கு இருந்தது. ஆனால் அதை ஏற்றக் கூடாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். எண்ணெய்ப் புகை கம்பியூட்டருக்கு ஆகாதாம்.

சபையில் நாங்கள் ஐந்து பேர். நூலாசிரியை, அவருடைய கணவர், ஒரு கணினி நிபுணர், கடைக்காரர், நான். மற்றவர்கள் எல்லாம் உலகத்தில் இருந்தார்கள்.

நூலாசிரியை மகேஸ்வரி டீச்சர். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறார். பதினொரு சிறுகதைகள் எழுதி, அச்சுக்குப் போகுமுன் என்னிடம் வாசிக்கத் தந்தார். எனக்கு ஏழு பிடித்தது. மிச்சம் நான்கையும் எங்கெங்கே திருத்தலாம் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். டீச்சர் ஒரு கமா கூட மாற்றவில்லை. அன்றிலிருந்து அவர் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது.

புத்தகம் ஐந்நூறு பிரதி. அடித்தது கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அச்சகம். மொத்தம் நாற்பத்தாறாயிரம் ரூபாய். டீச்சர் தன் காப்பு இரண்டையும் வங்கியில் அடகு வைத்துப் பதினாறாயிரம் கட்டினார். மிச்சம் முப்பதாயிரம் கட்டினால்தான் புத்தகம் வெளியே வரும். அதுவரை பதினொரு கதையும் ஒரு தகரக் கூரைக்குக் கீழே கட்டுக்கட்டாகக் கிடக்கும். கொழும்பில் கரப்பான் பூச்சிகளுக்கு வாசிப்புப் பழக்கம் அதிகம். எனக்கு அது வேறு கவலை.

சரி, ஒரு புத்தகத்தை ஏன் நெட் கபேயில் வெளியிட வேண்டும்?

அதற்கு நிபுணரிடம் போக வேண்டும். பெயர் வேண்டாம். நல்ல மனிதர், பத்திரிகையில் நான் எழுதும் பத்தியையும் வாசிப்பதாகச் சொன்னார். சொந்த ஊர் யாழ்ப்பாணம், இருப்பது டொரன்டோ. சண்டை ஓய்ந்திருப்பதால் விடுமுறைக்கு வந்து, நுவரெலியாவில் அதிகாரியாக இருக்கும் மைத்துனர் வீட்டில் தங்கியிருக்கிறார். ஜூன் கடைசியில் ஹட்டனில் ஒரு கூட்டத்தில் பேசினார். தலைப்பு: இணையம் வந்த பின் நகரம் எதற்கு?

நன்றாகவே பேசினார். நகரம் என்பது ஒரு பெரிய ஸ்டோர் என்றார். இசை, நாடகம், புத்தகம், அறிஞர் எல்லாவற்றையும் அங்கே அடுக்கி வைத்திருந்தார்கள், வேண்டியவன் பஸ் பிடித்துப் போனான். இனி ஸ்டோரே வீட்டுக்கு வரும். பத்து வருடத்தில் கலாசாரத்துக்காக ஒருவரும் நகரத்துக்குப் போகமாட்டார்கள்...

நான் எழுந்தேன். நான் மாதம் ஒரு தடவை கொழும்புக்கு ரயிலேறுகிறவன். ஒரு நாடகம், இரண்டு புத்தகக் கடை, கன்டீனில் மூன்று பேரோடு வாக்குவாதம். இதுதான் என் மாதாந்தக் கலாசாரம். இதில் வாக்குவாதத்தை உங்கள் கம்பி வழியாக எப்படி அனுப்புவீர்கள் என்று கேட்டேன்.

“ஐயா, நீங்கள் அந்த ரயிலில குந்தியிருக்கிற நேரத்தில ஆறு நாட்டு நூலகத்தைப் பார்த்து முடிச்சிடலாம்,” என்றார்.

கைதட்டல் அவருக்கு. எனக்கு இருமல்.

கூட்டம் முடிந்ததும் மகேஸ்வரி டீச்சர் நேராக நிபுணரிடம் போனார். என்னிடம் வரவில்லை. எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனால் காரணம் எனக்குத் தெரியும்.

போன வருடம் கொழும்பில் ஓர் இலக்கியக் கூட்டத்தில் கதை வாசிக்க அவரை நான்தான் அனுப்பிவைத்தேன். அதிகாலை எழுந்து, பொகவந்தலாவை பஸ்ஸில் வளைவு வளைவாக வாந்தியை அடக்கிக்கொண்டு வந்து, ஹட்டனில் ரயில் பிடித்துப் போயிருக்கிறார். வாசலில் ஒருவர் அன்பாக விசாரித்தாராம் — தோட்டப் பக்கமா என்று. ஆமாம் என்றதும், தேநீர் ஊற்றுகிற இடத்தில் உதவிக்கு ஆள் வேண்டும் என்று காட்டியிருக்கிறார். டீச்சரும் மறுக்கத் தெரியாமல் எழுபது கோப்பை தேநீர் ஊற்றிவிட்டு, கதை வாசிக்காமலே ரயிலேறி வந்துவிட்டார்.

பெருநகரத்தைப் பற்றி நான் எவ்வளவு பெருமை பேசினாலும் இந்த எழுபது கோப்பையைக் கணக்கில் எழுதாமல் விட முடியாது.

“நெட்டுல யாரும் எந்தப் பக்கம்னு கேக்க மாட்டாங்களாம் சார்,” என்றார் டீச்சர்.

ஆகவே நெட் கபே.

டீச்சரின் கணவர் கனகராஜ், பொகவந்தலாவைக் கடைவீதியில் ரேடியோ, டி.வி. திருத்துகிறவர். ஒரு மைக்கும் கொஞ்சம் வயரும் கொண்டுவந்திருந்தார். நிபுணர் கமராவைத் திரைக்கு மேலே குந்த வைத்தார். டெலிபோன் வயரைச் செருகியதும் கம்பியூட்டர் ஆட்டுக்குட்டி போலக் கத்தியது. பிறகு உலகம் வந்தது.

ஒருவர் இருவராக வந்து அறுபத்து மூன்று பேர். நான்தான் எண்ணினேன். தோட்டத்து ஆபீஸில் முப்பத்தொரு வருடம் கிளாக்கராக இருந்தவனுக்கு எண்ணாமல் உட்காரத் தெரியாது. லண்டனில் பதினொரு மணி. டொரன்டோவில் காலை ஆறு — பல் துலக்காமல் இலக்கியம்.

டீச்சர் முதல் கதையை வாசித்தார். திரையில் அவருடைய வாய் திறந்தபடியே நின்றது. குரல் மட்டும் வந்தது. சற்றுப் பொறுத்து வாய் அசைந்தது. அப்போது குரல் இல்லை. இருந்தாலும் ஒருவரும் எழுந்து போகவில்லை. அல்லது, போனது எங்களுக்குத் தெரியவில்லை. பாராட்டுகள் ஆங்கில எழுத்துத் தமிழில் வரிசையாக ஏறின. லண்டன்காரர் ஒருவருக்கும் பாரிஸ்காரர் ஒருவருக்கும் அட்டைப்படம் பற்றிச் சண்டை. அந்த இடம் மட்டும் அசல் கொழும்பு.

அப்புறம் ஒரு வரி வந்தது. கோத்தகிரியிலிருந்து. டீச்சருக்குக் கண்ணாடி இல்லாமல் சின்ன எழுத்து தெரியாது, நான்தான் எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

“எங்கப்பா உங்க ஊருப் பக்கம் பொறந்தவருங்க. சின்னப் புள்ளையா இருக்கயில கப்பல் ஏத்தி இங்க அனுப்பிட்டாங்க. சாகுற வரைக்கும் பீலித் தண்ணியப் பத்தியே பேசுவாரு. உங்க கதையில வர்ற பீலி இன்னும் ஓடுதா அக்கா?”

பீலி என்பது லயம் எனும் வரிசை வீட்டு ஜனங்கள் தண்ணீர் பிடிக்கிற ஊற்று வாய். இந்தப் பக்கத்தில் அதைச் சொல்லாமல் கதை எழுத முடியாது.

டீச்சர் மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டார். பிறகு, “ஓடுதுங்க. மழைக்காலத்துல நல்லாவே ஓடுது,” என்றார்.

ஒத்துக்கொள்கிறேன். எந்த மண்டபமும் கோத்தகிரியில் இருக்கிற அந்த மனிதரைக் கண்டுபிடித்துக் கொடுத்திராது. நிபுணர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சொல்லாததால் போடவும் முடியவில்லை.

ஐந்தே முக்காலுக்கு எல்லாரும் எல்லாருக்கும் நன்றி சொன்னார்கள். கனகராஜ் பிளக்கைக் கழற்றினார்.

“இவ்வளவுதானா சார்? புடுங்குனா முடிஞ்சு போற விழாவா இருக்கே.”

சிரித்தோம். அப்புறம் சத்தம் இல்லை. மண்டபத்து விழா முடிந்தால் கதிரை இழுபடுகிற சத்தம் இருக்கும். யாராவது யாரையாவது தேடுவார்கள். ரோல்ஸ் சூடாக இல்லை என்று குறை சொல்வார்கள். இங்கே மின்விசிறி சுற்றியது. குளிரில் அதை யார் போட்டார்கள் என்றும் தெரியவில்லை.

அப்போதுதான் டீச்சர் மெதுவாகக் கேட்டார். “சார்... அச்சகத்துக்கு என்ன சொல்றது?”

ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

வெளியூர் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் நாட்டில் தமிழ்ப் புத்தகம் கடையில் விற்று அச்சுக்கூலி அடைவதில்லை. வெளியீட்டு விழாவில்தான் அடைகிறது. முதற்பிரதியை ஒரு வர்த்தகர் பெற்றுக்கொள்வார். பிறகு மைக்கில் ஒவ்வொருவர் பெயராக அழைப்பார்கள். அழைக்கப்பட்டவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு மேடைக்கு வந்து, ஆசிரியர் கையில் ஒரு என்வலப்பைக் கொடுத்து, புத்தகம் வாங்கி, போட்டோவுக்கு நின்றுவிட்டு இறங்குவார். புத்தகத்தின் விலை நூற்றைம்பதாக இருக்கும். என்வலப்பில் அதைப்போல் நாலு மடங்கு, பத்து மடங்கு இருக்கும்.

இதைப் பற்றி யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. அழைப்பிதழில் போடுவதில்லை. நிகழ்ச்சி நிரலில் ‘சிறப்புப் பிரதி வழங்கல்’ என்று நாகரிகமாக மூன்று சொல். இலக்கியத்தில் காசைப் பேசுவது அழகல்ல அல்லவா?

பேசாத விஷயம் என்பதால்தான் திட்டம் போட்டபோது ஐந்து பேருமே மறந்துபோனோம். விளக்கை நினைத்தோம். வரவேற்புரையை நினைத்தோம். நன்றியுரை யார் என்று அரை மணி நேரம் வாதாடினோம். என்வலப்பை நினைக்கவில்லை.

டீச்சரின் கேள்விக்குக் கடைக்காரர் மட்டும் ஒரு தொகை சொன்னார் — கடைக்கு ஐந்நூற்று நாற்பது ரூபாய், டெலிபோன் செலவும் சேர்த்து. நான் கொடுத்தேன்.

அடுத்த இரண்டு வாரத்தில் டீச்சருக்கு இருபத்திரண்டு மின்னஞ்சல்கள். எல்லாவற்றையும் கடையில் அச்செடுத்து என்னிடம் கொண்டுவந்து காட்டினார். எல்லாமே அன்பு. ஒருவர் கதைகளை நோர்வே மொழிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். நாலு பேர் புத்தகம் வாங்க வழி கேட்டார்கள். வங்கியில் விசாரித்தால், வெளிநாட்டிலிருந்து பணம் வருவதற்கான கட்டணம் புத்தகத்தின் விலையை விட அதிகம். எட்டுப் பேர் ஒரே யோசனையை வெவ்வேறு சொல்லில் சொல்லியிருந்தார்கள். முழுப் புத்தகத்தையும் ஸ்கான் பண்ணி இணையத்தில் போட்டுவிடுங்கள், எல்லாரும் இலவசமாக வாசிக்கலாமே!

இவர்கள் கஞ்சர்களா? இல்லவே இல்லை. இதே டொரன்டோ வாசகர்களில் ஒருவர் ஒரு மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தால் ஐயாயிரத்துக்குக் குறையாமல் கொடுத்திருப்பார். அது எனக்கு நிச்சயம். பிறகு ஏன் கொடுக்கவில்லை? அவருடைய பெயரை மைக்கில் யாரும் அழைக்கவில்லை. பக்கத்துக் கதிரைக்காரர் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

நிபுணர்கள் நகரத்தை ஸ்டோர் என்று நினைக்கிறார்கள். அங்கேதான் கணக்குப் பிழைக்கிறது. சரக்கு எப்போதுமே ரயிலில் வந்துகொண்டுதான் இருந்தது. பத்திரிகை வந்தது, ரேடியோ வந்தது, கசெட் வந்தது, வீடியோ வந்தது. ஒவ்வொன்றும் வந்தபோது நகரம் முடிந்தது என்று ஒருவர் பேசினார், நாங்கள் கைதட்டினோம். நகரம் முடியவில்லை. ஏனென்றால் நகரம் என்பது கட்டடமும் அல்ல, சரக்கும் அல்ல. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து வராமல் இருக்க முடியாத இடம் எதுவோ, அதுதான் நகரம். வெட்கம், மரியாதை, போட்டி, பக்கத்து ஆளின் பார்வை — கலாசாரம் பாதி இதில்தான் ஓடுகிறது. மிச்சப் பாதி ரோல்ஸில்.

அப்படியானால் கொழும்பில் இன்னொரு விழா வைப்போமா என்று டீச்சரிடம் கேட்டேன்.

“மறுபடி கொழும்பா? வேணாம் சார். காப்பு போனாலும் பரவாயில்ல.”

சொல்லும்போது வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். அது எனக்குத் தாங்கவில்லை.

கொழும்புக்குப் போகாமல் ஒரு நகரம் வேண்டும். எங்கே தேடுவது? ஹட்டனில் கல்யாண மண்டபம் ஒன்று இருக்கிறது. ஆடி மாதம் பிறந்துவிட்டது, ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? மண்டபக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பாதி வாடகைக்குக் கொடுத்தார். ஆடியில் எங்கள் மலைநாட்டில் இலக்கியம் ஒன்றுதான் தைரியமாகக் கல்யாண மண்டபத்துக்குள் நுழையும்.

அச்சகத்துக்குப் போன் பண்ணி என் வாக்கில் நாற்பது பிரதி மட்டும் வரவழைத்தேன். கடைவீதி முதலாளிமார் ஒவ்வொருவரிடமும் நேரில் போனேன். முழங்கால் வலி. ஆனால் நேரில் போனால்தான் மறுக்க முடியாது. முதற்பிரதிக்கு நுவரெலியா மரக்கறி மொத்த வியாபாரி ஒருவர் சம்மதித்தார். நிபுணருக்கும் சொன்னேன். அவர் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். விழாவை வீடியோ எடுத்து இணையத்தில் போடுவாராம். தோல்வியை ஒத்துக்கொள்ளாத குணம். எனக்கும் அது உண்டு, அதனால் எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஆகஸ்ட் 8, ஞாயிற்றுக்கிழமை. நூற்றுப் பதினெட்டுப் பேர் வந்தார்கள். பொகவந்தலாவையிலிருந்து டீச்சரின் தோட்டத்து ஆட்கள் ஒரு வேன் பிடித்து வந்தார்கள். தலவாக்கலையிலிருந்து ஆசிரியர்கள் ஒன்பது பேர். இந்தத் தடவை குத்துவிளக்கை ஏற்றினோம்.

மரக்கறி வியாபாரி முதற்பிரதியை வாங்கிக்கொண்டு, கேட்காமலே மைக்கைப் பிடித்தார். “நான் வாசிக்கிறது லொறி நம்பர் மட்டுந்தாங்க. ஆனா இந்தம்மா எழுதுனத வீட்டுல வாசிக்கச் சொல்லிக் கேப்பேன். நல்லா இல்லேன்னா டீச்சர்கிட்டயே வந்து சொல்லுவேன்.”

மண்டபம் சிரித்தது. டீச்சரும் சிரித்தார்.

பிறகு சிறப்புப் பிரதிகள். அறிவிப்பாளர் கோயில் திருவிழா மைக்கில் பழகியவர். பெயரை இழுத்து அழைத்தால் கூரைத் தகடு அதிரும். வேட்டியைச் சரிசெய்தபடி முதலாளிமார் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். மருந்துக் கடைக்காரர் ஆயிரம் கொடுக்கிறார் என்பது எப்படியோ கசிந்து, எதிர்க்கடைக்காரர் வாசல் பக்கம் திரும்பி நின்று தன் என்வலப்பைப் பிரித்து இன்னொரு தாள் வைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். எந்த வெப்சைட் இதைச் செய்யும்?

தேநீர் நேரத்தில் இன்னும் நல்லது நடந்தது. பழைய தொழிற்சங்கக்காரர் ஒருவர், நான்காவது கதையில் கங்காணியை நல்லவராகக் காட்டியது தவறு என்று டீச்சரோடு சண்டைக்கு நின்றார். டீச்சர் விடவில்லை.

“எங்க தாத்தாவும் கங்காணிதாங்க. கெட்டவருதான். ஆனா கதையில வர்றவரு வேற ஆளு. அவரப் பத்தி எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.”

நாலு பேர் கூடினார்கள், பத்துப் பேரானார்கள். கையில் கட்லட் ஆறிப்போனது. போன வருடம் எழுபது கோப்பை ஊற்றிவிட்டுப் பேசாமல் திரும்பிய அதே பெண். இப்போது தேநீரை வேறு யாரோ ஊற்றினார்கள்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். சிறப்புப் பிரதி வழங்கல் முடிகிற நேரம் நான் மேடையோரம் நின்று என்வலப்புகளை மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். தடிப்பையும் முகத்தையும் வைத்து ஒரு மதிப்பு. மண்டபம், மைக், ரோல்ஸ் எல்லாம் கழித்துப் பார்த்தால் முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறையும் போலிருந்தது. நிபுணர் முன் வரிசைக்கு அருகே கமராவோடு குனிந்து குனிந்து படமெடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது. அறிவிப்பாளர் காதில் ஒரு பெயரைச் சொன்னேன்.

“அடுத்து... கனடாவிலிருந்து நமக்காகவே வருகை தந்திருக்கும் கணினி அறிஞர் அவர்கள்...!”

நூற்றுப் பதினெட்டுத் தலை திரும்பியது. நிபுணர் நிமிர்ந்தார். டொரன்டோவாக இருந்தால் ஒரு பட்டனை அழுத்தி மறைந்திருப்பார். இங்கே இருப்பது ஒரு வாசல், அதிலும் வேன் டிரைவர் சாய்ந்து நின்றார். கைதட்டல் வேறு தொடங்கிவிட்டது. சட்டைப் பையைத் தட்டினார். காற்சட்டைப் பையைத் தட்டினார். பிறகு நடந்தார் — மேடைக்கு அல்ல, என்னிடம்.

“ஐயா, என்னட்டக் கிரெடிட் காட் மட்டும்தான் கிடக்கு. ஒரு ரெண்டாயிரம் இருக்குதோ? நாளைக்கே தந்திடுறன்.”

மறுக்க முடியுமா? என்னையும் அதே நூற்றுப் பதினெட்டுப் பேர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கணக்கு முடிந்தது. செலவெல்லாம் போக முப்பதாயிரத்து அறுநூறு ரூபாய். அந்த இரண்டாயிரம் இல்லாவிட்டால் அச்சகத்துக்குப் போதாமல் போயிருக்கும். புதன்கிழமை மிச்சப் புத்தகங்கள் ஆறு பார்சலாக பஸ்ஸில் வந்து இறங்கின. முதல் பிரதி தபாலில் கோத்தகிரிக்குப் போனது. காப்பு இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. ஆனால் இப்போது விற்பதற்கு டீச்சரிடம் புத்தகம் இருக்கிறது.

நிபுணர் வெள்ளிக்கிழமை விமானம் ஏறிவிட்டார். போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு நீண்ட மின்னஞ்சல் — விழா மிகச் சிறப்பு, வீடியோவை இதுவரை இருநூறு பேர் பார்த்துவிட்டார்கள், என் கட்சியில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம் என்று. அந்த இரண்டாயிரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. இலக்கியத்தில் காசைப் பேசுவது அழகல்ல அல்லவா?

ஆக, நகரத்தை இணையத்தால் வெல்ல முடியாது என்று நிரூபிக்க எனக்கு ஆன செலவு: நெட் கபே 540, என் என்வலப் 1,000, அவர் என்வலப் 2,000, அந்த மின்னஞ்சலை வாசிக்கக் கடைக்குக் கொடுத்தது 20. மொத்தம் ரூபாய் 3,560.